இரைச்சல் இல்லாத லைன்

தம்பிக்காரனுக்கு அக்கா புருஷன்மேல் இருந்த மனக்குறை ஒரு சுவிட்சு மூடியில் தொடங்கியது.

அக்கா கல்யாணமாகிப் போன புதிதில், அவள் வீட்டுப் பின்னறைக்கு அவன்தான் கரண்டு கம்பி இழுத்தான். எல்லாம் முடிந்த மாதிரிதான். சுவிட்சுப் பெட்டிக்கு மூடி போடுவது ஒன்றுதான் பாக்கி. அதை வந்து போட்டுக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போனான். அவன் கடையில் நின்று ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து மச்சான் அந்த அறைக்குள் போனார். சுவரைத் தடவினார். கை நேராகத் திறந்த பெட்டிக்குள் போயிற்று. கரண்டு அவரைத் தூக்கி வாசலில் போட்டது.

மச்சானுக்கு அப்போது தொண்டை இருந்தது. அதுவும் சாதாரணத் தொண்டை இல்லை. சரக்கு லாரிகள் பின்னால் வரும்போது, "வரலாம், வரலாம், ஒடிச்சு வா, நிறுத்து" என்று கத்துகிறதுதான் அவருக்கு வேலை. அந்தத் தொண்டையோடு தெரு நடுவில் நின்று, "டேய் அரைவேலை! எங்கடா போனே அரைவேலை!" என்று கூப்பிட்டார். இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஜன்னல் திறந்தது.

அந்தப் பேர் ஒட்டியது ஒட்டியதுதான். மளிகைக்கடைக்காரர் முதல் பால்காரர் வரை அவனுக்கு அதே பேர். புது வீட்டுக்காரர்கள் வேலைக்கு ஆள் விசாரித்தால், "அரைவேலையைக் கூப்பிடுங்க, வேலையெல்லாம் முழுசா செய்வான்" என்பார்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். அதுதான் இன்னும் எரிச்சல். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளுக்குக் கம்பி இழுத்து, ஒவ்வொரு மூடியையும் இரண்டு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏணியை மடக்கினான். பேர் மட்டும் மாறவில்லை. மச்சானோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டான்.

பிறகு மச்சானுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. உயிர் வேண்டுமா, குரல் வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். அக்கா உயிர் என்றாள். குரல்வளையை எடுத்துவிட்டு, கழுத்தில் ஒரு துளை போட்டு, இனிமேல் மூச்சு இது வழியாகத்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். தம்பிக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டில் ஓரமாகச் சும்மா நின்றுவிட்டு வந்தான். பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்துக்கு அடியில் இன்னொன்றும் முண்டிக்கொண்டு கிடந்தது. பேர் வைத்த ஆளுக்கு அதைத் திரும்ப எடுக்க இனி வாய் இல்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

கத்துகிற வேலைக்கு வாயில்லாத ஆள் எதற்கு? குளிர்பதனக் கிடங்குக்காரர் ஒருவர் மச்சானை மெஷின் அறைக்கு எடுத்துக்கொண்டார். "அந்த இரைச்சல்ல வாய் இருக்கறவனும் ஊமைதான்" என்றாராம். மச்சான் வேலையைப் பிடித்துக்கொண்டார். குளிரூட்டுகிற அமோனியா கேஸ் ஓடுகிற குழாய்களைச் சின்ன ஸ்பேனரால் தட்டுவார். தட்டுகிற ஓசையிலேயே எங்கே பனி கட்டியிருக்கிறது, எங்கே அடைப்பு என்று கண்டுபிடிப்பார். அந்தத் தட்டலையே வீட்டுக்கும் கொண்டுவந்தார். மெஷின் அறைக்கு உள்ளேயே சத்தம் புகாத ஒரு கண்ணாடி அறை உண்டு. அதன் சுவரில் ஒரு ஃபோன். அதிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டு, ரிசீவரில் ஸ்பேனரால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. மூன்று என்றால் வந்து சேர்ந்துவிட்டேன். நிற்காமல் தட்டினால் ஆபத்து. அந்தக் கடைசித் தட்டு இதுவரை வந்ததில்லை.

அக்கா பேசுவாள், அவர் தட்டுவார். கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் வாயால் சண்டை போடுகிற மாதிரியே இருக்கும். அவள் நீட்டிக்கொண்டே போனால் இரண்டு தட்டு, நிதானமாக, இடைவெளி விட்டு. "போதுமாம். எனக்குத் தெரியாதா அந்தத் தட்டு" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வைப்பாள்.

அவளுக்கு ஒரே பயம்தான். கழுத்தில் மூச்சு விடுகிறவருக்கு மூக்கில் வாடை தெரியாது. அமோனியா கசிந்தால் மற்றவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவான். இவருக்குக் கண் எரிந்த பிறகுதான் தெரியும். செல்போன் அந்தத் தடித்த சுவர்களுக்குள் எடுக்காது. ஆகவே அந்தச் சுவர் ஃபோனும், வீட்டுச் சமையலறை ஜன்னலோரத்து ஃபோனும்தான் அவளுக்கு உயிர்.

அப்படி இருக்கும்போது, தெருவின் பழைய கம்பி லைன்களையெல்லாம் எடுக்கப்போகிறோம், இனி இன்டர்நெட் வழியாகத்தான் வீட்டு ஃபோன் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நம்பர் அதே நம்பர். அக்கா தம்பியைக் கூப்பிட்டாள்.

"கம்பெனி ஆளே வந்து மாட்டுவான்ல?"

"வருவான். மாட்டிட்டுப் போயிடுவான். உன் மச்சான் உன்னைத்தான் கூப்பிடச் சொன்னாரு."

"அவரா?"

"ஒரு தட்டு தட்டினாரே."

வாரக் கடைசி விடுமுறை நாள். கிடங்கில் ஆபீஸ் பூட்டு. ஆனால் மெஷினுக்கு விடுமுறை கிடையாது. மச்சான் மட்டும் தனியாகப் போயிருந்தார். தம்பிக்காரன் காலையிலேயே வந்து ஏணியைச் சாய்த்தான். இன்றைக்கு இந்த வீட்டில் ஒரு திருகாணி குறைந்தாலும் தன் பேர் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிலைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

முதலில் வெளிச்சுவர்ப் பெட்டியைத் திறந்து, தெருவிலிருந்து வரும் பழைய கம்பியைக் கழற்றிச் சுருட்டி டேப் சுற்றினான். அதைக் கழற்றாமல் புதுப் பெட்டியை வீட்டு வயரில் கோத்தால், தெருவிலிருந்து வருகிற கரண்டு அதைச் சுட்டுவிடும். பிறகு இன்டர்நெட் ரூட்டருக்குப் பக்கத்தில் வீட்டு ஃபோனை இன்டர்நெட்டோடு சேர்க்கிற உள்ளங்கை அளவு அடாப்டரை வைத்து, ஒரு வயர் ரூட்டருக்கும் ஒரு வயர் சுவருக்குமாக இழுத்தான். கரண்டு போனால் இந்த ஃபோனும் போய்விடும் என்பதால் ஒரு பேட்டரிப் பெட்டியும் வைத்தான். சமையலறை ஃபோன் இருந்த இடத்திலேயே இருந்தது. ரிசீவரை எடுத்துப் பார்த்தான். டயல் சத்தம் கண்ணாடி மாதிரி வந்தது.

அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. படிப்பு பாதியில் நின்றாலும், செட்டிங்கில் வருகிற இங்கிலீஷ் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. தன் செல்போனில் அடாப்டரின் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். இரைச்சலை வடிகட்டு என்று ஒன்று. போட்டான். யாரும் பேசாவிட்டால் லைனைத் துண்டி என்று ஒன்று. அக்கா ரிசீவரைச் சரியாக வைக்கமாட்டாள், நல்லதுதான் என்று அதையும் போட்டான். பேச்சு நிற்கும்போது அந்தப் பக்கத்துக்கு லேசாக இரைச்சல் கொடு என்று ஒன்று ஏற்கெனவே போட்டிருந்தது.

"காசு கொடுத்து எவனாவது இரைச்சல் வாங்குவானா?" என்று அதை அணைத்தான்.

பழைய லைனில் எந்நேரமும் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு சத்தம் ஓடும். அதைச் சாகடித்துவிட்டதில் அவனுக்கு ஒரு கர்வம். செல்போனிலிருந்து கூப்பிட்டு, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றான்.

"பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்குடா!" என்றாள் அக்கா.

"பக்கத்துலதானே நிக்கறேன்."

"ஒரு தட்டு தட்டிப் பாரேன். என் செல்போனுக்கு அவர் போட்டா, தட்டறது எனக்குக் கேக்கவே கேக்காது. முழுங்கிடுது."

"இது செல்போன் இல்லைக்கா, வீட்டு ஃபோன்தான். குரல் கேட்டா தட்டு கேக்காதா?"

மூடிகளையெல்லாம் இரண்டு தடவை முறுக்கிப் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.

ஃபோன் அடித்தது.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் கூப்பிடுவது சாப்பாட்டுக்கு அப்புறம்தான். அடுப்பில் இன்னும் சோறே வேகவில்லை. ஈரக்கையோடு எடுத்தாள்.

"என்னங்க?"

ஒன்றும் இல்லை.

"என்னங்க, நான்தான். தட்டுங்க."

ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரத்தில் கட்டாகிவிட்டது.

"ராங் நம்பரா இருக்கும்" என்றான் தம்பிக்காரன்.

மறுபடி அடித்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி கிணற்றுக்குள் காதை வைத்த மாதிரி ஒரு அமைதி. அவள் பேசி முடித்துக் காத்திருந்தாள். கட். ரிசீவரைக் கீழே வைப்பதற்குள் மூன்றாவது தடவை அடித்தது.

"ராங் நம்பர் இப்படி அடிக்குமாடா?" அவள் குரல் ஏறிவிட்டது. "அவர்தான். இந்த நேரத்துக்குக் கூப்பிட மாட்டாரு. ஏதோ ஆயிடுச்சு."

"நீ கூப்பிட்டுப் பாரு."

"அந்த ரூமுக்கு நேரா கூப்பிட முடியாது. ஆபீஸ் வழியாத்தான். ஆபீஸ் பூட்டு."

"தீயணைப்புக்குப் போடுவோமா?"

"என்னன்னு சொல்லி? ஃபோன் அடிச்சுது, யாரும் பேசலைன்னா? பேச்சே இல்லாத மனுஷன்டா அவரு!"

அடுப்பை அணைத்தாள். செருப்பைத் தேடினாள். கிடங்கு ஊரின் அடுத்த கோடியில் இருக்கிறது. இவள் வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் என்ன வேண்டுமானாலும் நடந்து முடிந்திருக்கும். ஃபோன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. அவள் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்து எடுத்து, "என்னங்க, இருக்கீங்களா, என்னங்க" என்று கெஞ்சினாள்.

தம்பிக்காரன் ரிசீவரை வாங்கித் தன் காதில் வைத்தான். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இப்படி ஒரு சுத்தமான லைனை அவன் தன் வாழ்க்கையில் கேட்டதில்லை. அப்போதுதான் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. செல்போன் ஏன் தட்டை முழுங்குகிறது? தட்டு குரல் இல்லை. ஃபோனுக்கு அது குப்பைச் சத்தம். குப்பையைக் கூட்டித் தள்ளு என்று காலையில் இங்கே உத்தரவு போட்டது யார்?

"அக்கா, ஒரு நிமிஷம். அவர் தட்டிக்கிட்டுத்தான் இருக்காரு. நான்தான் மூடி வச்சிருக்கேன்."

"என்னடா சொல்றே?"

செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தான். கடவுச்சொல் கேட்டது. அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகப் போட்டான். இரைச்சல் வடிகட்டலை அணைத்தான். லைனைத் துண்டிப்பதை அணைத்தான். சேமி என்று அழுத்தினான். அடாப்டரில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன.

"என்னடா இது? செத்துப்போச்சா?"

"திரும்ப உசுர் வரும். இரு."

"இந்த நேரம் அவர் கூப்பிட்டா?"

அதைத்தான் அவனும் நினைத்துக்கொண்டிருந்தான். கரண்டு விளக்கு வந்தது. இன்டர்நெட் விளக்கு மினுக்கியது, நின்றது, மினுக்கியது. ஃபோன் விளக்கு மட்டும் வருவேனா என்றது. அக்கா ரிசீவரை எடுத்து எடுத்துப் பார்த்தாள். "வைக்கா, வை, எடுத்தா எப்படி அடிக்கும்" என்று அதட்டினான். அவன் தன் அக்காவை அதட்டியது அதுதான் முதல் தடவை. அவள் வைத்தாள். இரண்டு பேரும் அந்தச் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பச்சை வந்தது. வந்த கையோடு ஃபோன் அடித்தது.

ரிசீவரை எடுத்ததும் எட்டி நின்ற தம்பிக்காரனுக்கே கேட்டது. டொக்டொக்டொக்டொக்டொக். நிற்கவே இல்லை.

அக்காவின் முகம் வெளுத்தது. ஆனால் குரல் இறங்கி, நிதானமாக வந்தது. காய் நறுக்கிக்கொண்டே பேசுகிறவள் மாதிரி.

"கேக்குதுங்க. இப்ப கேக்குது. நான் கேக்கறேன், நீங்க தட்டுங்க. தீயா?"

டொக் டொக்.

"கேஸா?"

டொக்.

"உங்களுக்கு அடி பட்டிருக்கா?"

டொக் டொக்.

"கண்ணாடி ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டீங்களா?"

டொக்.

"வெளிய வர வழி இருக்கா?"

டொக் டொக்.

"கதவு இடுக்குக்கு ஈரத்துணி?"

டொக்.

"மெஷினை நிறுத்தியாச்சா?"

டொக்.

தம்பிக்காரன் வாயைப் பிளந்து பார்த்தான். எத்தனை காலமாக இந்தக் கேள்விகளை இவள் வரிசை மாறாமல் மனதுக்குள் கோத்து வைத்திருந்தாளோ. அவள் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினாள். அந்தப் பக்கம் உடனே படபடவென்று தட்டல் எழுந்தது. "இருக்கேன், இருக்கேன், எங்கயும் போகலை" என்றாள். தம்பியைப் பார்த்து, "தீயணைப்புக்குப் போடு. இப்ப சொல்றதுக்கு இருக்கு" என்றாள்.

போட்டான். இடம் சொன்னான், அமோனியா என்றான், உள்ளே ஒரு ஆள் என்றான். பின்னாலிருந்து அக்கா சொல்லிக்கொடுத்தாள்: "முகத்துல மாட்டற மாஸ்க் உதவாதுன்னு சொல்லு. அவருக்கு மூச்சு கழுத்துல. கழுத்துக்கு வைக்கற மாதிரி கொண்டுவரச் சொல்லு."

"கழுத்துலயா? புரியற மாதிரி சொல்லுங்க சார்" என்றார் அந்தப் பக்கத்து அதிகாரி. இவன் சொன்னதில் அவருக்கு இன்னும் குழம்பியது. "வேற யாராவது இருந்தா கொடுங்க."

அக்கா செல்போனுக்குக் கையை நீட்டினாள். ரிசீவரை அவன் கையில் திணித்தாள்.

"நீ பேசு."

"நானா? நான் என்ன பேசறது?"

"எதையாவது பேசு. நிறுத்தாதே. பேச்சு நின்னா லைன் செத்துப்போன மாதிரி இருக்குடா அவருக்கு. ஆள் இருக்கறதே தெரியலை."

அவள் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். தம்பிக்காரன் ரிசீவரைக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் தட்டல் தொடங்கியது. வேகமாக, பயந்து.

"மச்சான்" என்றான். சொல்லிப் பழக்கம் விட்டுப்போன வார்த்தை, பாதியில் கரகரத்தது. "மச்சான், நான்தான். தீயணைப்பு வண்டி வருது. அக்கா பேசிக்கிட்டு இருக்கா. கழுத்து விஷயம் சொல்லியாச்சு."

டொக்.

"கண்ணு எரியுதா?"

டொக்.

"தண்ணி இருக்கா? கழுவிக்கிட்டே இருங்க. கழுத்துக்கும் ஈரத்துணி போட்டுக்குங்க."

டொக்.

அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியவில்லை. புது அடாப்டரைப் பற்றிச் சொன்னான். பேட்டரி வைத்ததைச் சொன்னான். வெளிச்சுவர்ப் பெட்டியில் குளவி கூடு கட்டியிருந்ததைச் சொன்னான். மளிகைக்கடைக்காரருக்குப் பல் பிடுங்கியதைச் சொன்னான். வாய் வறண்டது. வாசலில் அக்கா, "ஆமாங்க, பின்பக்கத்து கேட், பின்பக்கத்து கேட்" என்று கத்துவது கேட்டது. ரிசீவரில் தட்டுகள் இளைத்துக்கொண்டு வந்தன. இவன் ஒன்று கேட்டு வெகு நேரம் கழித்து ஒரு தட்டு வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

"மச்சான்?"

ஒன்றும் இல்லை.

"மச்சான்! தட்டுங்க! யோவ், தெருவே கேக்கற மாதிரி கத்தினீங்களே அன்னைக்கு, இப்ப ஒரு தட்டு தட்ட முடியாதா? அரைவேலைன்னு பேரு வச்சீங்க. அந்தப் பேரோட நான் எத்தனை வீடு ஏறி இறங்கினேன் தெரியுமா? அந்த மூடியைப் போடாதது தப்புதான். ஒரு தப்புக்கு ஒரு ஆயுசா? சொல்லுங்க. இப்பவும் நான் அரைவேலைதானா?"

ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றான். காது வலித்தது. தூரத்தில், மெல்ல, ஸ்பேனரை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு உரசல்.

டொக்.

சந்தேகத்துக்கு இடமில்லாத ஒற்றைத் தட்டு.

"கொழுப்பு மட்டும் குறையலை" என்றான் தம்பிக்காரன். கண்ணில் நீர் வந்துவிட்டது. "இருங்க, இருங்க. நேர்ல வந்து கேக்கறேன். அதுக்காகவாவது இருங்க."

பேசிக்கொண்டே இருந்தான். என்ன பேசினான் என்று பிறகு கேட்டபோது அவனுக்கே தெரியவில்லை. திட்டினான் போலிருக்கிறது. அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே காதுக்குள் ஒரு இடி, கதவு திறக்கிற சத்தம், கனத்த பூட்ஸ்கள், இரண்டு மூன்று ஆண் குரல்கள். "கழுத்துக்கு வை, கழுத்துக்கு!" என்று ஒருவர் கத்தினார். ரிசீவர் சுவரில் மோதி ஆடியது.

"அக்கா! வந்துட்டாங்க!"

அவள் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். ஒரு புதுக் குரல் பேசியது. "அம்மா, ஆள் முழிப்பா இருக்காரு. ஆக்சிஜன் வச்சாச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். கிளம்பலாம்னா ஃபோனை விடமாட்டேங்கறாரு. என்னவோ தட்டணுமாம்."

"கொடுங்க அவர்கிட்ட" என்றாள். பிறகு, "என்னங்க" என்று சொன்னதோடு அவளால் முடியவில்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடங்கினாள். "நான் ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன். தெரியும்ல?"

டொக்.

"வேற என்ன? தண்ணியா?"

டொக் டொக்.

"தம்பிகிட்டயா?"

டொக்.

தம்பிக்காரன் நிமிர்ந்தான்.

"இந்த ஃபோனைப் பத்தியா? சரியா கேக்கலையா?"

டொக் டொக்.

"ரொம்ப அமைதியா இருக்கா?"

டொக். பெரிதாகவே கேட்டது.

அவள் யோசித்தாள். "நான் பேசாம இருந்தாலும் பழைய மாதிரி அந்த இரைச்சல் வரணுமா?"

டொக்.

"இப்பவேயா?"

டொக்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். முகம் முழுக்க நனைந்திருந்தது, உதடு மட்டும் கோணியது. ரிசீவரிடம் இன்னொரு கேள்வி கேட்டாள். பதிலை அவன் கேட்கட்டும் என்று அவன் பக்கமாக நீட்டினாள். ஒரே தட்டு. அதற்கு அவள்தான் வாய் கொடுத்தாள்.

"டேய், அந்த இரைச்சலைத் திரும்பப் போட்டுட்டு அப்புறமாத்தான் டீ குடிக்கப் போகணுமாம்."